முடியும் முன்பே ஏங்கியவர்கள்: ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ ஏன் பழசாகவில்லை?

1. கேள்வி

ஜார்ஜ் லூகாஸின் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ 1973 ஆகஸ்டில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ஒரே ஓர் இரவின் கதை. 1962ஆம் ஆண்டின் கோடை முடியும் தறுவாய். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் உள்ள மொடெஸ்டோ என்னும் ஊர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்ட கர்ட் ஹெண்டர்சனும் ஸ்டீவ் போலாண்டரும் மறுநாள் காலை கிழக்குப் பகுதிக் கல்லூரிக்கு விமானம் ஏற வேண்டியவர்கள். கூடவே இரண்டு பேர்: ‘தேரை’ என்று கூட்டாளிகள் அழைக்கும் டெர்ரி, ஊர்த்தெருப் பந்தயங்களில் யாருக்கும் தோற்காதவன் என்று பெயர் வாங்கிய, 22 வயதாகியும் அந்தத் தெருவை விட்டு நகராத ஜான் மில்னர். பொழுது சாயும்போது மெல்ஸ் டிரைவ்-இன் உணவக வாசலில் தொடங்குகிற படம், விடியற்காலையில் ஒரு சிறிய விமான நிலையத்தில் முடிகிறது. நடுவில் காரில் ரவுண்டு அடிக்கிறார்கள். பெரிய சம்பவம் என்று சொல்லத்தக்கவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இந்தப் படத்துக்கு ஆன செலவு 8 லட்சம் டாலருக்கும் குறைவு. பெரும்பாலும் இரவில், ஒரு மாதத்துக்குள்ளான வேலைநாட்களில் எடுக்கப்பட்டது. வசூலோ 10 கோடி டாலரைத் தாண்டியது. சிறந்த படம், இயக்கம் உட்பட ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. இசை அல்லது நகைச்சுவைப் பிரிவில் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. 1995இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. இவையெல்லாம் வெற்றியின் கணக்குகள். ஒரு படம் வெற்றி பெறுவதும் நிலைத்து நிற்பதும் வெவ்வேறு சங்கதிகள். 1973இல் ஓடிய எத்தனையோ படங்கள் இன்று பெட்டிக்குள் கிடக்கின்றன. குறிப்பிட்ட ஓர் ஊர், குறிப்பிட்ட ஓர் ஆண்டு, குறிப்பிட்ட சில கார்கள், பாட்டுகள் என்று இவ்வளவு இறுக்கமாகத் தன் காலத்தோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்ட படம், அந்தக் காலத்தோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாதவர்களை இன்னமும் ஈர்ப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடங்கும் முன் சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் ‘வயதுக்கு வருதல்’ என்றால் பெண்ணுடலின் ஒரு நிகழ்வு மட்டுமே நினைவுக்கு வரும். அதற்குச் சடங்கு உண்டு, சீர் உண்டு, பந்தல் உண்டு. ஆண் பிள்ளை ஆளாவதற்கு மீசை முளைப்பதைத் தவிர வேறு அடையாளம் மொழியில் இல்லை. ஆகவே இங்கு ‘பருவம் கடத்தல்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். படமும் அதைப் பற்றியதுதான்: சடங்கு எதுவும் இல்லாமல் ஓர் இரவில் பருவம் கடக்கவேண்டியிருக்கும் நான்கு பேரைப் பற்றியது.

2. ஏக்கம் என்ற விடை

வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு: கடந்தகால ஏக்கம். படத்தின் விளம்பரமே ’62இல் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுத்தான் ஆள் சேர்த்தது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, தான் முதன்முதலில் வாங்கிய 1954 மாடல் ஃபோர்டிலிருந்துதான் தொடங்கினார். படம் தன்னை விமர்சகராக அல்ல, பழைய பையனாகத் தொட்டுவிட்டது என்ற வாக்குமூலம் அது.

இந்த விடைக்குக் கோட்பாட்டு வலு தந்தவர் ஃபிரெட்ரிக் ஜேம்ஸன். பின்நவீனத்துவம் குறித்து 1980களில் அவர் எழுதிய கட்டுரைகளில் இப்படம் ‘ஏக்கப் படம்’ என்னும் புதிய வகையின் தொடக்கப் படைப்பாக நிறுத்தப்படுகிறது. வரலாற்றை அறியும் திறனை இழந்த ஒரு சமூகம், வரலாற்றுக்குப் பதிலாக அதன் பளபளப்பான மேற்பரப்பை, உடை, கார், பாட்டு என்று வாங்கி நுகர்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஐசனாவர் காலத்தின் இழந்துபோன உலகை மீட்க முயலும் படம் என்று இதை அவர் வகைப்படுத்துகிறார்.

1973இன் சூழலை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் பொருந்தத்தான் செய்கிறது. வியட்நாம் போரை முடிக்கும் பாரிஸ் ஒப்பந்தம் அந்த ஆண்டு ஜனவரி 27இல் கையெழுத்தானது. மறுநாள் காலை சான் ஃபிரான்சிஸ்கோவின் நார்த்பாயின்ட் அரங்கில் இப்படத்தின் முன்னோட்டக் காட்சி. அரங்கம் ஆரவாரித்தது, யுனிவர்சல் நிறுவனத்தின் நெட் டானனுக்கோ படம் பிடிக்கவில்லை. தயாரிப்பாளர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா, அப்படியானால் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று அங்கேயே காசோலை எழுத முன்வந்ததாகப் பரவலாகச் சொல்லப்படும் கதை இந்தக் காட்சிக்குப் பிந்தையதுதான். கோடையில் வாட்டர்கேட் விசாரணை தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. படம் வெளியாகி இரண்டே மாதத்தில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை; பெட்ரோல் நிலையங்களில் வரிசை. எங்கும் போவதற்காக இல்லாமல், சும்மா ஓட்டுவதற்காகவே விடிய விடிய பெட்ரோல் எரித்த ஒரு தலைமுறையைத் திரையில் பார்த்தவர்களுக்கு, அது வேறொரு கிரகத்தின் செழிப்பாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் இவ்வளவும் விளக்குவது 1973இன் கூட்டத்தைத்தான். தன் முதல் காரை நினைத்துக்கொண்டவர் ஈபர்ட், கார் வாங்காதவருக்கு? இப்படத்தை முதன்முறை பார்த்தபோது ’32 ஃபோர்டுக்கும் ’55 செவ்ரலேவுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. அதில் வரும் பாட்டுகளில் முக்கால்வாசி கேட்டதில்லை. ஏங்குவதற்கு என்னிடம் சரக்கே இல்லை. ஆனாலும் படம் முடிந்தபோது எதையோ தொலைத்துவிட்டாற்போல இருந்தது. ஏக்கக் கோட்பாடு பார்வையாளரின் நினைவை முதலீடாகக் கொண்டது. முதலீடே இல்லாதவனுக்கு வட்டி எங்கிருந்து வந்தது?

3. எந்த 1962?

ஜேம்ஸனின் வரியிலேயே ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. ஐசனாவர் 1961 ஜனவரியில் பதவியை விட்டிறங்கிவிட்டார். படம் நடப்பது கென்னடி காலத்தில். இது ஆண்டுக்கணக்குப் பிழையைக் குத்திக்காட்டும் குறும்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தவறு நேர்ந்ததற்குப் படமே காரணம். படத்தின் பாட்டுகளில் பெரும்பாலானவை ஐம்பதுகளைச் சேர்ந்தவை. தலைவாரலும் கார்களும் அப்படியே. 1962இல் வாழும் இந்தப் பிள்ளைகள் சுமந்து திரிவது ஐந்தாறு ஆண்டு பழைய உலகத்தை. பட்டி ஹோலி செத்ததிலிருந்தே ராக் அண்ட் ரோல் சரிவில்தான் இருக்கிறது என்று மில்னர் அலுத்துக்கொள்கிறான். பட்டி ஹோலி விமான விபத்தில் இறந்தது 1959 பிப்ரவரியில். 22 வயதுக்காரன் ஒருவன் மூன்றாண்டுக்கு முந்தைய பொற்காலத்துக்காகப் பெருமூச்சு விடுகிறான். இந்த வேடிக்கையைப் படம் தெரிந்தேதான் செய்கிறது.

வேறு இரண்டு கால முரண்களும் உண்டு. இரவு முழுவதும் வானொலியில் ஒலிக்கும் ஊல்ஃப்மேன் ஜாக் உண்மையான மனிதர்; படத்தில் தானாகவே நடித்திருக்கிறார். மெக்சிகோ எல்லைக்கு அப்பாலிருந்து பெருஞ்சக்தியோடு ஒலிபரப்பிய நிலையங்களில் அவர் குரல் கேட்கத் தொடங்கியது 1962க்குப் பிறகே. கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஒலிக்கும் பீச் பாய்ஸ் பாட்டு 1964ஆம் ஆண்டினுடையது. முதல் முரணைக் கதைக்கான சுதந்திரம் என்று விட்டுவிடலாம். இரண்டாவதை அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. கதாபாத்திரங்களின் இரவு முடிந்தபின், அவர்கள் கேட்டிருக்கவே முடியாத ஒரு பாட்டோடு பார்வையாளர் எழுந்து போகிறார். பாட்டின் பொருளும் கழிந்துபோன ஒரு கோடைதான்.

லூகாஸுக்கு அந்த ஆண்டு தனிப்பட்ட காரணத்துக்காக முக்கியமானது. 1944இல் மொடெஸ்டோவில் பிறந்த அவர், பள்ளிப் படிப்பு முடிய சில நாட்களே இருந்தபோது, 1962 ஜூன் 12 அன்று, தன்னுடைய சின்ன ஃபியட் காரில் போகும்போது பெரும் விபத்தில் சிக்கினார். இருக்கை வார் அறுந்து வெளியே வீசப்பட்டதால் உயிர் பிழைத்தார். கார் பந்தயக் கனவு அத்தோடு தீர்ந்தது. பிறகு மொடெஸ்டோ ஜூனியர் கல்லூரியில் அவர் படித்த பாடங்களில் மானுடவியலும் ஒன்று. காரில் ரவுண்டு அடிப்பதை அமெரிக்க இளைஞர்களின் துணைதேடும் சடங்காகவே பார்த்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். படத்தில் அந்தக் கண் தெரிகிறது. எந்த வழக்கத்துக்கும் விளக்கம் கிடையாது. சிவப்பு விளக்கில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் யாரை எப்படிப் பார்க்க வேண்டும், யார் முதலில் பேச வேண்டும், எந்த வசை நட்பு, எந்த வசை சண்டை என்பதெல்லாம் அங்கே கண்டிப்பான இலக்கணம். அந்நியனான பார்வையாளன் அதைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்கிறான். சொந்த நினைவு இல்லாதவனையும் உள்ளே விடும் முதல் வாசல் இது.

படப்பிடிப்பு முறையும் இதற்குத் துணை நின்றது. மலிவான, துகள் தெரியும் டெக்னிஸ்கோப் அகலப்படம். கடை விளக்குகளின் வெளிச்சம். பல காட்சிகளில் ஒரே நேரத்தில் இரண்டு கேமரா. ஒளிப்பதிவு ஆலோசகராக வந்து கைகொடுத்தவர், ஆவணப்பட அனுபவம் மிக்க ஹாஸ்கல் வெக்ஸ்லர். மொடெஸ்டோவில்கூட எடுக்கவில்லை. சான் ரஃபேலில் தொடங்கி, அங்கே அனுமதி ரத்தாகி, பெட்டலூமாவுக்கு நகர்ந்தார்கள். ஜேம்ஸன் சொல்லும் பளபளப்பான மேற்பரப்பு இந்தப் படத்தில் நினைவில் இருப்பதைவிடக் குறைவு. பளபளப்பு, இதைப் பின்பற்றி வந்த தொலைக்காட்சித் தொடர்களின் கொடை என்றே எனக்குத் தோன்றுகிறது.

4. காதால் பார்க்கும் படம்

படத்துக்கென்று இசையமைப்பாளர் கிடையாது. 41 பழைய இசைத்தட்டுப் பாட்டுகள், அவற்றின் நடுவே ஊல்ஃப்மேன் ஜாக்கின் உறுமலும் ஊளையும். திரைக்கதை எழுதும்போதே லூகாஸ் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பாட்டை வைத்துக்கொண்டுதான் எழுதினார். இணைந்து எழுதிய வில்லர்ட் ஹைக், குளோரியா காட்ஸ் தம்பதி அதற்கு ஆட்களையும் பேச்சையும் கொடுத்தார்கள். இத்தனை பாட்டுக்கு உரிமை வாங்குவதா என்று நிறுவனங்கள் பின்வாங்கின. கடைசியில் எல்லோருக்கும் ஒரே விலை என்று பேசி முடித்தபோது, எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளை வைத்திருந்த ஆர்சிஏ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ராக் அண்ட் ரோல் காலத்துப் படத்தில் எல்விஸ் இல்லை! அது ஒருவகையில் நல்லதாகவே போயிற்று. ஒரு பெரும் நட்சத்திரத்தின் குரல் மற்ற எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியவர் ஒலி வடிவமைப்பாளர் வால்டர் மர்ச். பாட்டுகளையும் அறிவிப்பாளரின் பேச்சையும் சேர்த்து முழுநீள வானொலி நிகழ்ச்சி போலவே ஒரு நாடாவைத் தயாரித்தார்கள். பிறகு அதை வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு எடுத்துப்போய், ஒருபக்கம் லூகாஸ் ஒலிபெருக்கியை மெல்லத் திருப்ப, எதிர்ப்பக்கம் மர்ச் மைக்கைத் திருப்ப, திறந்தவெளியில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்தார்கள். சுவரில் மோதி, காற்றில் கரைந்து, சற்றே விலகிக் கேட்கும் அந்த ஒலியைச் சுத்தமான பதிவோடு தேவைக்கேற்பக் கலந்தார்கள். விளைவு என்னவென்றால், பாட்டு திரைக்கு மேலிருந்து காட்சிக்கு ஊற்றப்படும் இசையாக இல்லாமல், தெருவின் மறுகோடியில் இருந்து வருகிறது. பக்கத்தில் வந்த கார் அதைக் கொண்டுவருகிறது, கடந்துபோகையில் எடுத்துக்கொண்டு போகிறது.

கர்ட் ஒரு காரில், ஸ்டீவ் இன்னொன்றில், தேரை இரவல் காரில், மில்னர் தன் மஞ்சள் நிற ஃபோர்டில். நால்வர் கதையும் தனித்தனி. ஆனால் எல்லாக் காரிலும் ஒரே நிலையம், ஒரே பாட்டு. ஒருவன் காதலியோடு சண்டையிடும்போது ஒலித்த அதே பாட்டின் அடுத்த அடி, இன்னொருவன் அவமானப்படும் இடத்தில் கேட்கிறது. ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரியாது; வானொலிக்குத் தெரியும் என்பது போன்ற ஒரு மயக்கம். பொதுக்காலம் என்ற ஒன்று இருந்தது, அதில் எல்லோரும் ஒரே நொடியில் இருந்தார்கள் என்ற உணர்வைக் கதை வசனத்தால் சொல்லாமல் காதுவழியே ஏற்றுகிறது. இன்று தனித்தனிக் காதுக்குள் தனித்தனிப் பாட்டு கேட்பவர்கள் இப்படத்தைப் பார்க்கும்போது எதற்காக ஏங்குகிறார்கள் என்று கேட்டால், கார்களுக்காக இருக்காது.

அந்தப் பொதுக்காலத்தின் மையத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் படம் காட்டிவிடுகிறது. வெள்ளைத் தண்டர்பேர்டு காரில் ஒரு கணம் தென்பட்டு மறைந்த பெண்ணுக்குச் செய்தி அனுப்பவேண்டி, கர்ட் வானொலி நிலையத்தைத் தேடிப் போகிறான். அங்கே பழுதான குளிர்பெட்டியில் உருகும் குச்சி ஐஸைத் தின்றுகொண்டு ஒரு தாடிக்காரர் தனியாக இருக்கிறார். நான் ஊல்ஃப்மேன் இல்லை, அவர் ஊர் ஊராகச் சுற்றுகிறவர், நாங்கள் நாடாவைத்தான் ஒலிபரப்புகிறோம் என்கிறார். கர்ட் வெளியே வந்து திரும்பிப் பார்க்கையில் அதே மனிதர் ஒலிவாங்கிமுன் உறுமுகிறார். ஊரையே கட்டிப்போட்ட மந்திரவாதி, பிசுபிசுத்த கையோடு அறைக்குள் ஒற்றையாக இருக்கும் ஒரு சாதாரண ஆள். உலகம் பெரிது, போய்ப் பார் என்று கர்ட்டிடம் சொல்வதும் அவர்தான். சுற்றித் திரிபவன் என்று ஊர் நம்பும் ஆள் அந்த அறையைவிட்டு நகரவே இல்லை.

5. ரவுண்டு அடித்தலின் நகைச்சுவை

ரவுண்டு அடிப்பது என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவது. படத்தின் நகைச்சுவை இந்த வட்டத்திலிருந்துதான் கிளம்புகிறது. தொடக்கத்தில் போகத் துடிப்பவன் ஸ்டீவ், தயங்குபவன் கர்ட். மூஸ் சங்கம் கொடுத்த 2,000 டாலர் உதவித்தொகைக் காசோலை கைக்கு வந்தபின்னும், ஓராண்டு உள்ளூர்க் கல்லூரியில் இருந்துவிட்டுப் போகலாமே என்று இழுக்கிறான். விடியும்போது கர்ட் விமானத்தில், ஸ்டீவ் தரையில். இடமாற்றம் என்ற இந்தப் பழைய உத்தி ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களிலும் உண்டு. ஆனால் அங்கே காடும் மாயமும் செய்யும் வேலையை இங்கே ஒரு கடைத்தெரு செய்கிறது.

கர்ட்டின் இரவு முழுவதும், போவதைத் தள்ளிப்போடுவதற்கான சாக்குகளின் அணிவகுப்பு. கண்ணாடிக்கு அப்பால் உதடசைத்துவிட்டுப் போன பெண் ஒரு சாக்கு. அவளை நாம் சரியாகப் பார்ப்பதேயில்லை. பள்ளி நடன விழாவுக்குப் போகிறவன், காலியான நடைவழியில் தன் பழைய பெட்டகத்தின் முன் நின்று எண் பூட்டைத் திருகுகிறான். திறக்கவில்லை, எண்ணை மாற்றிவிட்டார்கள். வசனம் இல்லாத இந்தச் சில நொடிகள், படத்தின் கருத்து முழுவதையும் ஒரு பூட்டில் அடைத்துவிடுகின்றன. அடுத்து அவன் சந்திக்கும் ஆசிரியர், தானும் கிழக்கே கல்லூரிக்குப் போய் ஒரு பருவத்தோடு திரும்பிவிட்டதாகச் சொல்கிறார். ஆறுதலாகத்தான் சொல்கிறார். அவரை மாணவி ஒருத்தி இருட்டிலிருந்து உரிமையோடு பெயர் சொல்லி அழைப்பதைக் கர்ட் பார்க்கிறான். தங்கிவிட்டால் யாராக ஆவோம் என்பதற்கு அது ஒரு சிறு முன்காட்சி.

பிறகு ஃபேரோஸ் என்ற ரவுடிக் கும்பல் அவனைப் பிடித்துக்கொள்கிறது. அவர்களுடைய கட்டாயத்தால், மறைந்து நிற்கும் போலீஸ் காரின் பின்னச்சில் சங்கிலியைக் கட்டுகிறான். கார் சீறிக் கிளம்ப, அச்சு சக்கரத்தோடு பின்னால் நின்றுவிடுகிறது. அரங்கம் அதிரச் சிரிக்கும் இடம். சிரிப்பு அடங்கியபின் யோசித்தால், பாய்ந்து புறப்பட்டும் பாதி உடம்பை விட்டுவிட்டு வந்த அந்தக் கார் யாருடைய நிலைமை என்பது விளங்கும். இதைச் சுட்டிக்காட்டாமல் விட்ட லூகாஸுக்கு (பின்னாளில் எல்லாவற்றையும் சுட்டிக்காட்டும் படங்களை எடுத்தவர்!) நன்றி சொல்ல வேண்டும்.

தேரையின் கதை இன்னும் நேரடியான சிரிப்பு. ஸ்டீவின் ’58 இம்பாலா கையில் கிடைத்ததும் ஆளே மாறுகிறான். டெபி என்னும் பெண்ணை ஏற்றிக்கொள்கிறான். அவள் மதுபானம் கேட்க, வயது போதாதவன் கடைவாசலில் நின்று போவோர் வருவோரிடம் வாங்கித்தரச் சொல்லிக் கெஞ்சுகிறான். ஒருவர் வாங்கி வருகிறார். பாட்டிலை இவனிடம் வீசிவிட்டு ஓடுகிறார், கடையைக் கொள்ளையடித்துவிட்டு! கார் திருடுபோகிறது, அடிபடுகிறான், வாந்தி எடுக்கிறான். இவ்வளவுக்கும் பிறகு டெபி, இரவு நன்றாகவே இருந்தது என்கிறாள். கேண்டி கிளார்க்குக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித்தந்த பாத்திரம் இது. அவனுடைய பொய் எல்லாம் கலைந்தபின் அவள் அவனை ஏற்கும் விதத்தில் இரக்கமோ உபதேசமோ இல்லை. அவளுக்கு உண்மையாகவே பொழுது போயிருக்கிறது.

6. கார்களின் இடுகாடு

என் வாசிப்பின் அச்சு ஜான் மில்னர். 12 வயதுச் சிறுமி கேரல் ஏமாற்று வழியில் அவன் காரில் ஏற்றிவிடப்படுகிறாள். ஊருக்கே சூரன், சின்னப் பெண்ணுக்குக் காவலாளியாகி இரவு முழுக்கத் தவிக்கிறான். யாராவது பார்த்துவிடுவார்களே என்ற அவன் கூச்சமும் அவளுடைய சளசளப்பும் படத்தின் மிக இயல்பான நகைச்சுவை. அதன் நடுவே அவன் அவளை நசுங்கிய கார்கள் குவிந்த பழையிரும்புக் கிடங்குக்கு அழைத்துப் போகிறான். இந்த வண்டியில் இன்னார், இதில் இத்தனை பேர் என்று கல்லறை காட்டுகிறவனைப் போல அமைதியாகச் சொல்லிக்கொண்டே நடக்கிறான். முதல் இடத்தைத் தக்கவைத்திருக்கிறவன், அந்த இடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நன்றாக அறிந்தவன்.

விடியலில் ஹாரிசன் ஃபோர்டு நடித்த பாப் ஃபால்ஃபாவின் கறுப்புச் செவ்ரலேவோடு பந்தயம். எதிராளியின் வண்டி கவிழ்ந்து எரிகிறது. மில்னர் வென்றான் என்று ஆகிறது. அவனோ தேரையிடம், தான் தோற்றுக்கொண்டிருந்ததாகவும் ஃபால்ஃபாவின் வண்டி முந்திவிட்டதாகவும் ஒப்புக்கொள்கிறான். தேரை கேட்கத் தயாராக இல்லை. நீதான் எப்போதும் முதல் என்று அடித்துச் சொல்கிறான். மில்னர் ஒரு கணம் தயங்கி, சரி என்று விட்டுக்கொடுத்துவிடுகிறான்.

கட்டுக்கதை பிறப்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் ஒரு படத்தை, கட்டுக்கதையில் மயங்கிய படம் என்று சொல்வது எப்படி? ஏக்கம் இங்கே பார்வையாளருக்கு விற்கப்படும் பண்டமாக மட்டும் இல்லை. அது கதாபாத்திரங்களின் நோய், அவர்களின் நகைச்சுவைக் குறை, அவர்களின் அன்பும்கூட. இரவு இன்னும் முடியவில்லை. அதற்குள் அதை நினைவாக்கப் பார்க்கிறார்கள். 1962ஐ அறியாத பார்வையாளனும் இதை அறிவான். பள்ளியின் கடைசி வாரத்தில், விடுதியைக் காலி செய்யும் மாலையில், போகும் முன்னரே பிரிவை உணராதவர் எவரும் இல்லை. எனக்குக் கிடைத்த வட்டி இந்தக் கணக்கில் வந்ததுதான்.

7. நான்கு பெயர்கள்

கர்ட்டின் விமானம் நீலவானில் சிறுத்துப் போனபின் திரையில் நான்கு குறிப்புகள் தோன்றுகின்றன. மில்னர் 1964 டிசம்பரில் குடிபோதை ஓட்டுநர் ஒருவரால் கொல்லப்பட்டான். டெர்ரி 1965 டிசம்பரில் வியட்நாமின் ஆன் லாக் அருகே காணாமல்போனான். ஸ்டீவ் மொடெஸ்டோவில் காப்பீட்டு முகவர். கர்ட் கனடாவில் வாழும் எழுத்தாளன். கட்டாய ராணுவச் சேவையிலிருந்து தப்பியவர்கள் போய்ச் சேர்ந்த நாடு அது.

1973இல் அரங்கில் இருந்தவர்களுக்கு அந்த இரவுக்குப் பின் என்ன வந்தது என்பது தெரியும். அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு அந்த அறிவு இல்லை. இந்தக் குறிப்புகள் அதை அவர்களுக்கும் கொடுத்துவிடுகின்றன. கடைவாசலில் மதுவுக்குக் கெஞ்சிய பையன் போர்க்களத்தில் காணாமல் போனான் என்று படித்த நொடியில், நாம் சிரித்த காட்சிகள் எல்லாம் ஒருமுறை பின்னோக்கி நிறம் மாறுகின்றன. வரலாற்றை மறக்கடிக்கும் படம் என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் தடுமாறுகிறது. 1979இல் வந்த ‘மோர் அமெரிக்கன் கிராஃபிட்டி’ இதே குறிப்புகளை முழுக்கதையாக விரித்தது. தேரை வியட்நாமில் தான் செத்ததுபோல் நாடகமாடித் தப்பினான் என்றது. அந்தப் படத்தை இன்று பேசுவாரில்லை.

ஆனால் அந்தக் குறிப்புகளில் யார் இல்லை? ஸ்டீவின் காதலி லாரி, டெபி, கேரல் ஆகிய மூவரும் இல்லை. விமர்சகர் பாலின் கேல் இதைக் கடுமையாகச் சாடினார். பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பது குளோரியா காட்ஸின் தரப்பு. மேலும் ஓர் அட்டை போட்டால் முடிவு நீண்டுவிடும் என்று லூகாஸ் மறுத்தார். அது கலைக்காரணமாகத் தெரியவில்லை. இரவு முழுவதும் நால்வரையும் நகர்த்தியவர்கள் அந்தப் பெண்கள்தான். படம் தன் கண்ணையே நம்பாமல் போன இடம் இது.

நிறம் பற்றிய மௌனம் இதைவிடச் சிக்கலானது. திரையில் கறுப்பு முகங்களைத் தேட வேண்டியிருக்கிறது. காதிலோ சக் பெரி, ஃபேட்ஸ் டாமினோ, பிளாட்டர்ஸ், ஃபிராங்கி லைமன். படம் இதை அறியாமல் இல்லை. ஊல்ஃப்மேன் கறுப்பர் என்பதால் வீட்டில் அவர் நிகழ்ச்சியைக் கேட்க அம்மா விடுவதில்லை என்று கேரல் போகிற போக்கில் சொல்கிறாள். ஊல்ஃப்மேனோ புரூக்ளினில் பிறந்த வெள்ளையர். குரலை ஏற்றுக்கொண்டு ஆளை வெளியே நிறுத்திய ஊரின் கதை அந்த ஒரே வரியில் இருக்கிறது. அந்த வரிக்குப் பின்னால் போகப் படத்துக்கு மனமில்லை. இரண்டே ஆண்டில், 1975இல், மைக்கேல் ஷுல்ட்ஸின் ‘கூலி ஹை’ 1964இன் சிகாகோவையும் கறுப்பினப் பள்ளிப் பையன்களையும் எடுத்துக்கொண்டு அதே வடிவத்தில் போனது. முடிவில் அங்கும் பின்குறிப்புகள். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’யில் எது விடுபட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

8. வடிவத்தின் வாரிசுகள்

ஓர் இரவு, பல பாதைகள், ஒரே பாட்டுக்கோவை என்ற வடிவம் பிறகு பலருக்குக் கைகொடுத்தது. ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் ‘டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு’ (1993) 1976இன் பள்ளிக் கடைசி நாளை அப்படித்தான் அணுகியது. 1962லேயே நடக்கும் ‘அனிமல் ஹவுஸ்’ (1978) முடிவுக் குறிப்புகளைக் கேலியாக்கிச் சிரிக்கவைத்தது. கேலிக்கு உள்ளாகும் அளவுக்கு ஓர் உத்தி ஐந்தாண்டில் பழகிவிட்டது என்பதே அதன் வீச்சுக்குச் சான்று.

தெருவிலும் கதை தொடர்ந்தது. காரில் ரவுண்டு அடிப்பதைக் கலிபோர்னியாவின் பல ஊர்கள் பின்னாளில் தடைசெய்தன. தாழ்த்தி வடிவமைத்த கார்களில் வலம்வரும் மெக்சிக அமெரிக்கர்களையே அந்தத் தடை அதிகம் தாக்கியது. அவர்கள் நீண்டகாலம் போராடியபின், உள்ளூர்த் தடைகளுக்கு இடமில்லை என்று 2023இல் மாநிலம் சட்டம் இயற்றியது. வெள்ளைப் பிள்ளைகள் செய்தபோது இனிய நினைவாகவும் மற்றவர்கள் செய்தபோது குற்றமாகவும் இருந்த அதே வழக்கம்!

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். விடியலில் தெருவோரத் தொலைபேசிக் கூண்டில் கர்ட் காத்திருக்கிறான். தண்டர்பேர்டுப் பெண் அழைக்கிறாள். பெயர் சொல்லவில்லை. இன்றிரவும் அந்தத் தெருவில் வருவேன், பார்க்கலாம் என்கிறாள். முடியாது என்று நினைக்கிறேன் என்கிறான் கர்ட். சிறிது நேரத்தில் விமானம் எழும்புகிறது. ஜன்னல் வழியே கீழே பார்க்கிறான். வயல்களுக்கு நடுவே நேராகப் போகும் சாலையில் ஒரு வெள்ளைக் கார், விமானம் போகும் அதே திசையில், போய்க்கொண்டிருக்கிறது.